நூற்று நாற்பது மைக்ரோ நொடி

அம்பத்தூரிலிருந்து சிறுசேரிக்கு
மண்ணுக்கடியில் போகும் கண்ணாடி இழை
ஐம்பத்தொரு கிலோமீட்டர்.
பாடியில் திரும்பி, கத்திப்பாராவில் சுற்றி,
மெட்ரோ தோண்டிய இடமெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி
நம்மைப் போலவேதான் போகிறது வெளிச்சமும்.

காற்றில் முப்பத்திரண்டு.
வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கிழித்தேன்.
கூவம், அடையாறு, நங்கநல்லூரின் ஏதோ ஒரு கோபுரம்,
யாரிடமும் வழி கேட்காத கோடு.
நடுவில் ஒரே ஒரு தாவல்:
மேடவாக்கம், பதினான்காம் மாடிக்கு மேல்
கம்பத்தில் இரண்டு வெள்ளைத் தட்டுகள்.

மிச்சம் நூற்று நாற்பது மைக்ரோ நொடி.
இமை ஒருமுறை மூடித் திறப்பதற்குள்
இரண்டாயிரம் தடவை மிச்சம்.
அதற்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறது.
ஏதோ ஒன்றின் விலை
அடுத்தவனுக்கு முன்னால் தெரிய வேண்டுமாம்.

பதினெட்டு நாள், தினமும் பத்தரைக்கு
சிக்னல் சரிந்தது.
மீனம்பாக்கம் ரேடாரா, கடற்காற்றா,
சூடேறிய தார்ச்சாலை அலையை வளைக்கிறதா,
அறிக்கை மேல் அறிக்கை.
பத்தொன்பதாம் நாள் ஏறிப் பார்த்தேன்.
தட்டுக்கு நேர் எதிரே
சொட்டச் சொட்ட மூன்று டபுள் பெட்ஷீட்.
கொடிக்கயிற்றின் ஒரு முனை
என் கம்பத்திலேயே கட்டியிருந்தது.

"இங்கதாம்மா வெயில் நல்லா விழுது"
என்றார் குமுதவல்லி.
மறுக்க முடியவில்லை.
பன்னிரண்டு அடி நைலான் கயிறு வாங்கி
கொடியைக் கிழக்கே நகர்த்தினோம்.
செலவுக் கணக்கில் எழுதினேன்:
அலைத்தடை நீக்கம், ரூபாய் எண்பத்தைந்து.

பிறகு நவம்பர்.
ஊரே தண்ணீர் லாரிக்குப் பதில் மேகத்தைப் பார்க்கையில்
நான் மட்டும் எண்களைப் பார்த்திருந்தேன்.
மைனஸ் நாற்பத்தொன்று.
நாற்பத்தெட்டு.
ஐம்பத்தேழு.
அம்பத்தூர் மாடியிலிருந்து எபினேசர்
"அக்கா, இங்க கொட்டுது" என்று சொன்ன சொல்
செல்போன் வழியாய்ச் சாவகாசமாய் வந்து சேர்ந்தபோது
இணைப்பு அறுந்திருந்தது.
தரவெல்லாம் தானாகவே இறங்கி
கத்திப்பாராவைச் சுற்றத் தொடங்கியிருந்தது.

மேலதிகாரியின் அழைப்பு வந்துகொண்டே இருந்தது.
அதை எடுக்காமல் இன்னொரு எண்ணை அழுத்தினேன்.
"துணிய எடுத்துடுங்க,
மதுரவாயல் தாண்டிடுச்சு."

எட்டு நிமிஷம் இருந்தது அவருக்கு.
ஒரு தலையணை உறை மட்டும் நனைந்ததாம்.