பத்திக்குப் பின் ஆறு புள்ளி

முற்றுப்புள்ளி வைத்தால் பேச்சு முடிந்தது.
பட்டியலில் அப்படியில்லை,
புள்ளி வைத்த பிறகுதான் வாயே திறக்கிறது.

குவோப்பியோ நகராட்சி, மூன்றாம் மாடி.
சன்னலில் மணி மூன்றுக்கே இருட்டு.
திரையில் ஏழு விதிகள், பதினொரு வரிகள்.
ஏரிக்கரையில் நடப்போகும் பலகை.

போன ஆண்டுப் பலகையும் என் கைவேலைதான்.
எல்லா வரிக்கும் ஒரே இடைவெளி தந்திருந்தேன்,
பந்தியில் பேதம் பார்க்காமல் பரிமாறுகிறவள்போல.
புள்ளிகளோ கடுகளவு.
மடங்கி இறங்கிய இரண்டாம் வரி
உள்ளே தள்ளி நிற்காமல்
புள்ளிக்கு நேர்கீழே வந்து நின்றது,
தானும் ஒரு விதி என்று.

ஐந்தாவது விதி இது:
சிவப்புக் கொடி ஏற்றாத நாளில் மட்டும்
உறைந்த ஏரியை நடந்து கடக்கலாம்.

தாவெத்தி ஹில்துனென் படித்தது கீழ்வரியை.
தலைக்குமேல் கொடி படபடத்துக்கொண்டிருந்தது.
பாலத்துக்குக் கிழக்கே,
நீரோட்டம் பனியை அடியிலிருந்து அரிக்கும் இடத்தில்
இடுப்புவரை இறங்கிவிட்டார்.
கழுத்தில் தொங்கிய கூராணிகளைக் குத்திக் குத்தி
ஏறி வந்தார்
(ஆணி நான்காவது விதி;
ஒற்றை வரி, ஆகவே புரிந்திருந்தது).

ஏறியவர் வீட்டுக்குப் போகவில்லை.
பூட்ஸிலிருந்து ஏரி சொட்டச் சொட்ட
என் மேசைமுன் வந்து நின்றார்.
"கடக்கலாம் என்று நீதானே எழுதினாய்?"
எழுதியது சட்டப்பிரிவு, நான் எழுத்தை அடுக்கியவள்
என்று சொல்ல வாயெடுத்து
தரையில் பரவும் தண்ணீரைப் பார்த்தேன்.
போய் துடைப்பான் எடுத்து வந்தேன்.

இந்த முறை
வரிக்கும் வரிக்கும் பதினாறு புள்ளி.
பத்திக்குப் பின் ஆறு புள்ளி.
ஒரே விதியின் இரு வரிகள்
ஒரே போர்வைக்குள் படுத்துக்கொள்ளட்டும்,
அடுத்த விதிக்கு அடுத்த கட்டில்.

எண்டரை இரண்டு தடவை தட்டினாலும் இடைவெளி வரும்.
கூடவே வெறும் புள்ளி ஒன்றும் வரும்:
எதையும் தடுக்காத, எதையும் அனுமதிக்காத
எட்டாவது விதி.
அவசரத்தில் அப்படிச் செய்த பலகைகள்
இந்த ஊரில் இரண்டு இருக்கின்றன. எங்கே என்று சொல்லமாட்டேன்.

ஆறு புள்ளி கொடுத்ததும்
கடைசி விதி பக்கத்துக்கு வெளியே விழுந்தது.
பெட்டியின் மூலையில் சிவப்பாய் ஒரு கூட்டல் குறி,
உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது என்று.
விழுந்தது இதுதான்:
பனியில் விழுந்தவரை நோக்கி ஓடாதே.
குப்புறப் படுத்துக் கயிறு வீசு.

மார்கெத்தா தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள்.
"நெருக்கிப் போடு, ஐலா. ஆறு புள்ளிதானே,
கண்ணுக்கா தெரியப்போகிறது?"
கீழே படகு நிறுவனத்தின் சின்னம்
கால் நீட்டி உட்கார்ந்திருந்தது.
பணம் கொடுத்தவர்கள், கால் நீட்டலாம்.
அவள் காப்பி எடுக்கப் போன நேரத்தில்
அதன் மூலையைப் பிடித்து இழுத்தேன்,
பாதியாகும்வரை.
ஏழாவது விதி ஏறி வந்து உட்கார்ந்தது.
நான் கோப்பைச் சேமித்தேன்,
அச்சகத்துக்கு அனுப்பினேன்,
பிறகுதான் அவள் பக்கம் திரும்பினேன்.

ஜனவரியில் பலகை நட்டார்கள்.
திரையில் இருந்ததற்கு நான்கு மடங்கு.
மதியம் ரொட்டியோடு நடந்து போனபோது
தாவெத்தி அங்கே நின்றிருந்தார்,
கம்பளி உறை போட்ட விரலை
விதிக்கும் விதிக்கும் நடுவே வைத்து
மெல்ல நகர்த்திக்கொண்டு.
விரல் அந்த இடைவெளியில்
வரியில் இடிக்காமல் போயிற்று.

"இடத்தை வீணடித்திருக்கிறாய்" என்றார்
திரும்பாமலே.
"இன்னும் ஒரு விதி போட்டிருக்கலாம்."

அன்று கொடி ஏற்றவில்லை.
பனி கெட்டி, குழந்தைகள் நடுஏரியில் சறுக்கினார்கள்.
அவர் வீடு அக்கரையில், நேரே நடந்தால் கால் மணி.
என் ஆறு புள்ளியாலா,
போன ஆண்டுத் தண்ணீர் இன்னும் பூட்ஸில் இருப்பதாலா,
தெரியவில்லை,
பாலம் சுற்றிப் போனார்.