கொடியும் கோடியும்

அன்றைக்கு வந்தவை ஒன்பது பைகள்.
எட்டைத் தள்ளிவிட்டாள் லியோனில்டே.
எழுபது கிராம், அறுபத்து நான்கு,
ஒன்றில் உறைந்த கட்டி,
ஒன்றில் தாயின் கையெழுத்து இல்லை.
தராசுக்குத் தாட்சண்யம் கிடையாது.
ஒன்பதாவது மட்டும்
கையில் வாங்கும்போதே கனத்தது,
சினை பிடித்த மத்தி போல.

வெளியே போர்த்தோ நகரம்,
ஆறு தெரியாத அளவுக்குப் பனி.

பை எடில்சாவுடையது.
ஓட்டல் அறைகளில் படுக்கை விரிப்பவள்.
அவள் முகத்தில் எத்தனை தீவுகள்,
யார் யார் வந்து இறங்கிய கப்பல்கள்
என்று அவளுக்கே கணக்கில்லை.
எட்டாம் மாதமே படிவம் கொடுத்திருந்தார்கள்.
'இது பொது வங்கி அம்மா,
உங்கள் பிள்ளைக்கென்று எடுத்துவைக்க மாட்டோம்.
யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்கு.'
'வழக்கமாக அதை என்ன செய்வீர்கள்?'
'எரித்துவிடுவோம்.'
'அப்படியென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.'
அவ்வளவுதான்.
பிள்ளை பிறந்த கையோடு
அவள் கேட்டது ரொட்டி.

நஞ்சுக்கொடி என்கிறோம் நாம்.
உள்ளே தங்கினால் தாயைக் கொல்லும் என்று
பயந்து வைத்த பெயராக இருக்கலாம்.
அந்த நஞ்சின் நரம்பில் ஊசி ஏற்றி
பையைத் தாழப் பிடித்தால் போதும்,
யாரும் கேட்காமலே இறங்குகிறது.

இருநூற்று முப்பது கோடி
என்றது எண்ணும் கருவி.
லியோனில்டே நம்பாமல்
இன்னொரு முறை எண்ணவிட்டாள்.
பிறகு, நிமிடத்துக்கு ஒரு பாகையாகக்
குளிரவைத்து,
நான்காம் தொட்டி, ஆறாம் அடுக்கு.
கால் குவளைகூட இல்லை.

பதினோரு வருடம்.
இவாண்ட்ரா நடந்தாள், பல் விழுந்தாள்,
பள்ளி அணியில் கோல் காக்கிறாள்,
முழங்கால் எப்போதும் சிராய்ப்பு.
தொட்டிக்குள் அவளுக்கு
இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை.

ராட்டர்டாமில் ஜெனிவால்டோ,
டிராம் ஓட்டுநர், நாற்பத்தொரு வயது.
எலும்புக்குள் ஊறவேண்டியது
கெட்டுப்போயிருந்தது.
இரண்டு அண்ணன்கள்.
தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள்.
ஆடியது. மூத்தவன் வாகன நிறுத்தத்தில்
நின்று அழுதான்.
பொருந்தவில்லை.
பதிவேட்டில் கோடிக்கணக்கான பேர்,
அவர்களிலும் இல்லை.

போர்த்தோவிலிருந்து பதில் வந்தது:
ஆறில் ஐந்து.
பிறந்த இரத்தம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்,
அந்நியர் என்ற சொல்லை
அது இன்னும் படித்திருக்கவில்லை.

ஏற்ற இருபது நிமிடம்.
அறை முழுக்கப் பூண்டு வாடை.
மனைவி ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள்,
அந்த ஜன்னல் திறக்காது.
பிறகு சுழியம். மறுநாளும் சுழியம்.
இருபத்தாறு காலைகள்
செவிலி சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.
இருபத்தேழாம் நாள்
கவிழ்க்க மறந்துவிட்டாள்.

இப்போது அவன் இரத்தத்தைச் சோதித்தால்
பெண் என்று வரும்.
'இனி வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள்'
என்று மகளிடம் சொன்னாள் மனைவி.
அவன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான்.

யாருக்கு நன்றி எழுதுவது என்று கேட்டான்.
சொல்லக்கூடாது என்றார்கள்,
ஊர், வயது, எதுவும்.
மறுபடி வேலைக்குப் போன வாரத்திலிருந்து
கடைசி நிறுத்தத்தில்,
வண்டி காலியான பின்,
இரண்டு தரம் மணி அடிக்கிறான்.
பணிமனையில் யாரும் காரணம் கேட்டதில்லை.

அங்கே, நான்காம் தொட்டியில்
ஒரு காலி இடம்.
லியோனில்டே அந்த எண்ணை அடித்துவிட்டு
கையுறையின் உறைபனியைத் தட்டினாள்.
புதிய பெட்டி வந்திருந்தது,
உள்ளே ஒரே பை.
தராசில் வைத்தாள்.
எண்பத்தொரு கிராம்.
சற்று நேரம் பார்த்தாள்,
முள் நகர்கிறதா என்று.