ரத்து

வுப்பர்டால் நகர நூலகம். செவ்வாய், நாலு மணி.
வெளியே ஆற்றின் மேல்
தொங்கியபடியே போகிறது ரயில்.
உள்ளே ஒரு மேசை, மூன்று பேர்,
நிறைய ரப்பர் துகள்.

ஒஸ்தாப் ஐம்பத்து மூன்றை
முப்பத்தைந்து என்று எழுதியிருக்கிறான்.
அவனைச் சொல்லிக் குற்றமில்லை.
இந்த மொழி ஒன்றுகளை முதலில் சொல்லிவிட்டுப்
பத்துகளைப் பிறகுதான் நினைத்துக்கொள்ளும்.
மூன்றும் ஐம்பதும்.
காது கேட்ட வரிசையில் கை போகிறது.
வந்த புதிதில் நானும் ஒரு தொலைபேசி எண்ணை
இப்படித் திருப்பிப் போட்டு
யாரோ ஒரு பல் மருத்துவரைத்
தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறேன்.

மீர்யெத்தாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இங்கேயே பிறந்தவள்.
மைனஸ் மூன்றை மைனஸ் இரண்டால் பெருக்கி
ஆறு என்று சரியாகவே போட்டுவிட்டு
பென்சிலைக் கீழே வைத்தாள்.
"ஏன்?"

மைனஸும் மைனஸும் பெருக்கினால் ப்ளஸ் என்றேன்.
"அது தெரியும். ஏன்?"

நான் கேட்டதேயில்லை.
தேர்வில் வராத கேள்வி அது.

எண்கோடு வரைந்து பின்னால் நடந்து காட்டினேன்,
நாற்காலியில் இடித்துக்கொண்டேன்.
எதிரிக்கு எதிரி நண்பன், அதைப் போல, என்றேன்.
"லியோனி என் எதிரி.
லியோனிக்குப் பாவ்லா எதிரி.
பாவ்லாவும் என் எதிரிதான்."

அடுத்த செவ்வாய் சொல்கிறேன் என்று
தவணை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நான்கு நாள் ஆலையில் திருகாணி அளந்தேன்.
மைனஸ் இரண்டு மைக்ரான், மைனஸ் ஐந்து,
இது தேறும், இது தேறாது.
மைனஸை மைனஸால் பெருக்கும் வேலை
அங்கே ஒருவருக்கும் இல்லை.
ஃபோர்மேனைக் கேட்டேன்.
காபி குடித்தபடி, "அது அப்படித்தான்" என்றார்.

செவ்வாய். மழை.
மீர்யெத்தா மேசைக்கு வராமல்
நேரே கவுண்டருக்குப் போனாள்.
தவணை தாண்டிய மூன்று புத்தகங்கள்,
ஒன்றுக்கு இரண்டு யூரோ அபராதம்.
ஒரு மாதமாகப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தாளாம்.
கொட்கன் அம்மையார் திரையைப் பார்த்தார்,
சொட்டும் தலைமுடியைப் பார்த்தார்,
விசையைத் தட்டினார்.
ரத்து. ரத்து.
கொஞ்சம் யோசித்து, ரத்து.

ஓடி வந்தாள்.
"எனக்கு ஆறு யூரோ கிடைத்தது!"

"நான் எதுவும் கொடுக்கவில்லையே," கவுண்டரிலிருந்து குரல்,
"உன் கணக்கில் இருப்பது பூஜ்யம்."

"நேற்று அது பூஜ்யத்துக்கும் கீழே ஆறு," என்றாள்,
அவரிடம் இல்லை, என்னிடம்.
"மூன்று தடவை எடுத்தார்.
எடுத்தது இரண்டிரண்டு கடன்."

நூலகத்தில் சத்தம் போடக்கூடாது.
நான் மேசையை ஒரு தட்டுத் தட்டினேன்.
ரப்பர் துகள் துள்ளிற்று.

ஒஸ்தாப் தலை நிமிர்ந்தான்.
"அப்போ எனக்கு எவ்வளவு?"

அவனிடம் நூலக அட்டையே இல்லை.
கடனும் இல்லை, ரத்தும் இல்லை.
கொட்கன் அம்மையார் ஒரு படிவம் கொண்டுவந்தார்.
பெயர் எழுதினான். தெரு எழுதினான்,
ஓர் எழுத்தை விட்டுவிட்டு.
வீட்டு எண் என்ன என்றார்.
ஆறும் நாற்பதும், என்றான்.

நாங்கள் மூவரும் பேனா முனையையே பார்த்திருந்தோம்.

முன்னால் கொஞ்சம் இடம் விட்டு
ஆறை எழுதினான்.
பிறகு அந்த இடத்தில்
நாலு.