திங்கட்கிழமை விமானம்

ஃபலேயோலோவிலிருந்து பாங்கோ பாங்கோவுக்கு
நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம்.
பறக்கும் நேரம் நாற்பது நிமிடம்,
எதிர்காற்று முரண்டுபிடித்தால் நாற்பத்தைந்து.
ஆப்பியாவிலிருந்து இங்கே பேருந்தில் வந்துசேரவே
அதைவிடக் கூட ஆகும்.

கேட்பவர்களுக்கெல்லாம் இதை ஒப்பித்துவிட்டு
தராசில் ஏறுங்கள் என்பேன்.
பத்தொன்பது பேர் போகிற சின்ன விமானம்,
ஆளையும் நிறுத்துத்தான் அனுப்ப வேண்டும்.
செருப்பைக் கழற்றினால் குறையுமா என்று கேட்கிற பாதிரியாரை
பதினோரு வருடமாக நிறுத்துக்கொண்டிருக்கிறேன்.
குறைந்ததில்லை.

கடைசியாக ஒன்று சொல்வேன்:
கடிகாரத்தைத் தொடாதீர்கள்,
முள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.
கிழமையை மட்டும் ஒன்று பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.
நடுக்கடலில் ஒரு கோடு இருக்கிறது,
சன்னலோர இருக்கைக்கும் தெரியாது.
இங்கே திங்களில் ஏறுகிறவர்
அங்கே ஞாயிற்றில் இறங்குவார்.

மோயெலாங்கி அன்று எழுபத்தொன்பது கிலோ.
கக்கத்தில் சுருட்டிய பாய்.
தாழை மடலை நூல்நூலாகக் கிழித்து
இரண்டு வருடம் பின்னியது.
ஒன்றரை என்றது தராசு.

எங்கள் ஊரில் அந்தப் பாயில் யாரும் படுப்பதில்லை.
தப்பு செய்தவர் அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு
நொந்தவர் வாசலில் மண்டியிட வேண்டும்,
உள்ளிருந்து ஒருவர் வந்து விலக்கும்வரை.
விலக்காமலும் போகலாம்.

“காலையில் தங்கச்சியை ஃபோனில்
ஒரு வார்த்தை சொல்லிட்டேன்.”
என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை.
மூன்றாம் இருக்கை கொடுத்தேன்.

படிவத்தில் தேதி எழுதும்போதுதான் உறைத்தது:
திங்கள் காலை திட்டியவள்
ஞாயிறு மாலை மன்னிப்புக் கேட்கப் போகிறாள்.
வாயைத் திறப்பதற்கு முந்தின நாளே
வாசலில் முழங்கால் பதித்திருப்பாள்.

அவளிடமே சொன்னேன். சிரிக்கவில்லை.
“அவ காதுல அது ஞாயித்துக்கிழமைதான் விழுந்துச்சு” என்றாள்.
“கோடு கடல்லதான் இருக்கு. ஃபோன்ல இல்ல.”

வியாழக்கிழமை திரும்பி வந்தாள்.
கக்கத்தில் பாய் இல்லை.
தங்கச்சி வேலைபார்க்கும் ஆலையிலிருந்து
டூனா டின்கள் ஒரு பெட்டி.

“எவ்வளவு நேரம் ஆச்சு?” என்றேன்.
விமானத்தைக் கேட்கிறேன் என்று
“நாற்பத்திரண்டு நிமிஷம்” என்றாள்.
பிறகு பெட்டியைக் கீழே வைத்தாள்.

“ஒன்றரை மணி நேரம்.
நான் போனப்ப வீட்ல யாருமே இல்ல.
சாயங்கால ஜெபத்துக்குப் போயிருக்காங்க.
ஆளில்லாத வீட்டு முன்னாடி,
மழை வேற,
நான் பாய்க்குள்ள.
பக்கத்து வீட்டு நாய் வந்து மோந்து பார்த்துட்டுப் போச்சு.
வந்தவ பாயைத் தூக்கிப் பார்த்து
நீயா, எப்ப வந்தேன்னு கேட்டா.
திங்களா ஞாயிறான்னு
எனக்குச் சொல்ல வரல.”

ஒரு டின்னை எடுத்து என் மேசையில் வைத்தாள்.
எடை மூடியிலேயே அச்சிட்டிருந்தது.