ஐந்து கிலோ எண்ணூறு

ஏப்ரல் கடைசி. யெசெனிட்சே ஊருக்கு மேலே
மலை இன்னும் பனியைக் கழற்றவில்லை.
கராஜ் கதவைப் பாதி ஏற்றிவிட்டு
பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரோடு குந்தியிருக்கிறேன்.

யெர்னேயின் யோசனைதான்.
"கம்பியைக் கழற்று, வண்டிக்கு முகம் வரும்" என்றான்.
பல்லுக்குக் கம்பி போட்ட பெண்
போட்டோவில் வாயைத் திறக்காமல் நிற்பதுபோல் இருக்கிறதாம்.

நாலு போல்ட்.
மூன்று, சொன்ன பேச்சைக் கேட்டன.
நாலாவதுக்கு எண்ணெய் விட்டு, சுத்தியலால் இரண்டு தட்டி,
ஒரு கெட்ட வார்த்தையும் சொன்ன பிறகே இறங்கி வந்தது.

தள்ளி நின்று பார்த்தேன்.
பொய் சொல்லமாட்டேன், அழகு.
டாங்கிலிருந்து என்ஜினுக்கு வழியும் கோடு
எங்கும் முட்டாமல் போயிற்று.
சிலிண்டரின் விலா எலும்புகள்
மாவுக்கட்டு பிரித்த கைபோல
வெளிறி, மெலிந்து,
கொஞ்சம் கூச்சத்தோடு வெளிச்சம் வாங்கின.

எடைமேடையில் வேலை எனக்கு.
பழைய இரும்பு லாரிகள்
வரும்போது ஒரு எண், போகும்போது ஒரு எண்,
கழித்தால் கிடைப்பது சரக்கு.
பழக்கதோஷம்.
கம்பி இரண்டையும் குளியலறைத் தராசில் வைத்தேன்:
ஐந்து கிலோ எண்ணூறு.

கைவளையும் காப்புதான், கைவிலங்கும் காப்புதான்.
எதுவென்று சொல்லாமல்
தரையில் இரண்டு கிடந்தன.

இடது கம்பியின் முழங்கையில் மட்டும் கீறல்.
நான் வாங்கும்போதே இருந்தது.
பெயின்ட் உரிந்து, உள்ளே துரு ஓடியது.
விர்ஷிச் கணவாய் என்றே நினைத்திருந்தேன்.
கல் பாவிய கொண்டை ஊசி வளைவு,
உருகி வழியும் பனி, எதிரே டூரிஸ்ட் பஸ்,
கடைசி நொடியில் சாய்ந்து தப்பித்த யாரோ.
மூன்று வருடமாய் அந்த வளைவில்
நானே தப்பித்ததுபோல் ஒரு பெருமைகூட.
பார்ப்பவர்கள் கேட்டால்
ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும்.

பழைய சொந்தக்காரர் லுத்விக்,
டோல்மின் பக்கம் தேனீ வளர்ப்பவர்.
போன் போட்டேன். நெடுநேரம் சிரித்தார்.
"பெட்ரோல் பங்க்கில்!
சைடு ஸ்டாண்டு போட்டதாக நினைத்துக்
காலை எடுத்துவிட்டேன்.
மீட்டரில் பூஜ்யம்.
பின்னால் வரிசையில் ஏழு கார்,
ஒருத்தன் கைதட்டினான்.
கம்பி மட்டும் இல்லையென்றால்
என் கணுக்கால் இன்றைக்கு வேறு மாதிரி இருக்கும்."

"மலையில்?"

"மலையில் நான் விழுந்ததே இல்லை.
அங்கே பயந்துகொண்டல்லவா ஓட்டுவேன்."

மே மூன்றாம் ஞாயிறு கணவாய் திறந்தது.
கம்பியில்லாமல் ஏறினோம்.
இருபத்து நான்கு வளைவிலும்
முட்டை நிரப்பிய கூடைபோலக் கொண்டுபோனேன்.
யெர்னே மேலே போய் ஒரு சிகரெட் முடித்திருந்தான்.

உச்சியில் வண்டிகள் நிற்கும் இடம் சரளை, லேசான சரிவு.
ஸ்டாண்டை உதைத்துவிட்டு
குனிந்து பார்த்தேன். இன்னொரு தரம் பார்த்தேன்.
இத்தாலிக்காரர் ஒருவர் சுற்றிச் சுற்றி வந்து,
தொடாமல், விரலைக் குவித்து முத்தமிட்டு
என் வண்டியைப் புகழ்ந்தார்.
அருகில் ஒரு பையன் பந்து விளையாடினான்.
காற்று வேறு.

காபி வந்தது.
"வா, உட்கார்" என்றான் யெர்னே,
பெஞ்சைத் தட்டிக் காட்டி.

முடியாது என்றேன்.
வலது கையில் கோப்பை,
இடது கை ஹேண்டில்பாரில்.
எதிரே மலை முழுக்க வெயில்.
பையனின் பந்தையே பார்த்துக்கொண்டு
நின்றபடி குடித்து முடித்தேன்.

திங்கள் இரவு
இடது கம்பியை மட்டும் திரும்ப மாட்டினேன்.
துருப்பிடித்த அந்த நாலாவது போல்ட்
இம்முறை கையாலேயே ஏறியது.
வலது பக்கமிருந்து பார்த்தால் அழகான வண்டி.
யெர்னேயை அந்தப் பக்கமாகவே
நிற்க வைத்துக்கொண்டிருக்கிறேன்.