ரிவர்ஸ்

ரைட்ல ஒடி, இன்னும் ஒடி, வா வா வா, ஸ்டாப்.
சூரமங்கலம் ஐஸ் கம்பெனி வாசலில்
மீன் வண்டிகளைப் பின்னால் எடுக்கவைப்பது
இப்போது என் வேலை.
வண்டியோடு நானும் பின்னாலேயே நடப்பேன்,
திரும்பிப் பார்க்காமல்.
சாக்கடை மூடி எங்கே, சாய்த்த சைக்கிள் எங்கே,
நாய் படுத்திருக்கும் ஈரம் எங்கே
எல்லாம் முதுகுக்குத் தெரியும்.
எங்கண்ணா கத்துக்கிட்ட என்பார்கள் டிரைவர்கள்.

லடாக்கில் என்றால் சிரிப்பார்கள்.

பட்டாளத்துக்கு ரேஷன் லாரி ஓட்டப் போனவன்.
குளம் இறுகிய ஒரு டிசம்பரில்
ஆள் ஒன்று குறைகிறதென்று சுபேதார்
காலில் கத்தி கட்டி இறக்கிவிட்டார்.
மூன்று நாள் உட்கார்ந்தேதான் விளையாடினேன்.
நாலாம் நாள் நுர்பூ சொன்னான்:
முன்னால் போக உனக்கு வரவில்லை,
பின்னால் நன்றாகப் போகிறாய்,
நீ டிஃபென்ஸ்.

பதினோரு குளிர்காலம்.
அடித்தது இரண்டு கோல்.
அதில் ஒன்று எங்கள் கோலுக்குள்ளேயே.

அர்த்தநாரி என்று முழுப்பேர் சொன்னதும்
நாரி நாரி என்று கூவினார்கள் இந்திக்காரப் பையன்கள்.
பனியனில் 'அர்த்' மட்டும் தைத்தார்கள்.
மிச்சமிருந்த 'நாரி'யை
சாந்தாமணிக்கு எழுதும் கடிதங்களில்
கையெழுத்தாகப் போட்டுத் தீர்த்தேன்.

வெள்ளை எனக்குப் புதிதில்லை.
வெள்ளைக்கல் சுரங்கத்துப் பக்கம் பிறந்தவன்.
சித்திரையில் செருப்பில்லாமல் அந்த மேட்டில் ஓடியவனுக்கு
வெள்ளை என்றால் சுடும் என்று தெரியும்.
அங்கேயும் சுட்டது.
இடது காலில் இரண்டு நகம் இன்னும் கறுப்பு.

ஸ்கோர் எழுதும் ஹவில்தாரிடம் ஒருநாள் கேட்டேன்,
நான் தடுத்ததை எங்கே எழுதுவீங்க?
நோட்டைப் புரட்டிக் காட்டினார், பாவம்,
கெட்டவர் இல்லை.
அதற்குக் கட்டம் இல்லை.

கடைசி வருஷம்
ரப்பர் வட்டு முழங்காலில் ஏறியது.
முருங்கைக் கொம்பு முறிகிற சத்தம்.
வலி அப்புறம்தான் வந்தது,
வட்டு வெளியே போய்விட்டதா என்று
பார்த்து முடித்த பிறகு.

போன வியாழக்கிழமை
சறுக்குப் பலகையிலிருந்து ஒரு பாளம் நழுவிவிட்டது.
கீழே ஜெயபால்,
எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து
ரப்பர் பூட்டுக்குள் போன கல்லை எடுத்துக்கொண்டிருந்தான்.
கத்த நேரமில்லை.
முழங்காலைக் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்காது,
கேட்கவில்லை.
பக்கவாட்டில் விழுந்து காலை நீட்டினேன்.
பாளம் பூட்டில் இடித்து, தலை திருப்பி,
சுவரில் போய்ச் சிதறியது.

ஜெயபால் நிமிர்ந்தான்.
ஏண்ணா, வழுக்கிட்டீங்களா?

ஆமாடா, வழுக்கிருச்சு.

மேனேஜர் வந்தார். சில்லுகளைப் பார்த்தார்.
பாளம் ஒன்று, உடைப்பு, அர்த்தநாரி என்று எழுதினார்.
நோட்டில் அதற்குக் கட்டம் இருந்தது.
பேரை முழுசாக, பிழையில்லாமல் எழுதியிருந்தார்.

ராத்திரி சாந்தாமணி
வீங்கின விரலுக்குப் பத்துப் போட்டுக்கொண்டே
எவ்வளவு பிடிப்பாங்க என்றாள்.
இருநூத்தி நாப்பது என்றேன்.
யாருக்கு அடி என்று கேட்டாள்.
யாருக்கும் இல்லை என்றேன்.
கொஞ்ச நேரம் விரலையே பார்த்தாள்,
பிறகு இன்னும் கொஞ்சம் மஞ்சள் வைத்தாள்.

காலையில் ஈரோட்டு வண்டி வந்து நிற்கிறது.
நொண்டிக்கொண்டு பின்னால் நடக்கிறேன்.
வா, வா. லெஃப்ட்ல ஒடி.
இன்னும் இடமிருக்கு, வா.