ஆடை பாதி

வூட்ச் நகரத்து நாடக அரங்கில்
கோட்டு வாங்கி மாட்டும் அறை என்னுடையது.
முந்நூற்றுப் பன்னிரண்டு கொக்கிகள்,
அத்தனைக்கும் எண் பொறித்த பித்தளை வில்லைகள்.
எழுபத்தொன்பது மட்டும் பிளாஸ்டிக்.
பித்தளையை ஒரு வக்கீல் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

ஆள் பாதி ஆடை பாதி என்றால்
ஆள் பாதி ஏழு மணிக்கு உள்ளே போய்விடும்.
மற்ற பாதி
ஈரம் சொட்டியபடி என்னோடு இருக்கும்.

நான் ஃபேஷன் பத்திரிகை பார்ப்பதில்லை.
அக்டோபரின் முதல் குளிரில்
கொக்கிகளே சொல்லிவிடும்.
நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தோள்கள் வளர்ந்தன.
உள்ளே பஞ்சுத் திண்டு, பலகை போல் விறைப்பு.
ஒரு கோட்டு இரண்டு பேர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.
கழற்றிக் கொடுத்தபின் பார்த்தால்
எதிரில் நிற்பவள் குச்சி.

பிறகு தோள்கள் சரிந்தன.
பிறகு வாத்திறகு அடைத்த ஜாக்கெட்டுகள்,
தலையணை மாட்டுவதுபோல் மாட்டுவேன்,
அழுத்தினால் பெருமூச்சு விடும்.
பிறகு எல்லாரும் கறுப்பு.
ஏழெட்டு வருடம் கறுப்பு, இழவு வீடு மாதிரி.
வில்லை தொலைத்தவருக்கு
மோப்பம் பிடித்துத்தான் கோட்டு கொடுத்தேன்.

இந்த வருடம் மறுபடி தோள்.

போக்னா என்றொரு மாணவி வருகிறாள்.
அப்பாவின் ட்ரெஞ்ச் கோட்டு,
அதற்கடியில் யாருடையதோ கட்டம் போட்ட பிளேசர்,
அதற்கடியில் கையில்லாத ஸ்வெட்டர்.
"வெங்காயம் வந்தாச்சு" என்பாள் கசிமியேரா,
என்னோடு வேலை செய்பவள்.
உரிக்க உரிக்க எனக்குக் கண் கரிப்பதில்லை,
சிரிப்புதான் வருகிறது.
மலையேறிப்போன காலமெல்லாம்
மூச்சிரைக்காமல் இறங்கி வருகிறது,
அதே பஞ்சோடு.

அவள்தான் மேசைமேல் எக்கிக் கேட்டாள்:
"அந்த ஒட்டக நிறக் கோட்டு விலைக்கா?"

இருநூற்றாறு.
எண்பத்து நான்கு, நவம்பர், இடைவேளை.
மெலிந்த மனிதர், சட்டையோடு வெளியே போனார்,
நல்ல மழை.
புகைக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.
யாரும் வந்து கேட்கவில்லை.
நானும் யாரிடமும் கேட்கவில்லை.
கேட்கக்கூடாத வருடம் அது.
ஐந்து மேலாளர்கள் "தூக்கிப் போடு" என்றார்கள்.
ஒவ்வொரு முறையும் ஒரு வரிசை பின்னால் தள்ளி மாட்டினேன்,
இப்போது அது சுவரோரம்.

"அறுநூறு ஸ்வோட்டி தருகிறேன்" என்றாள் போக்னா.
கசிமியேரா என் காலை மிதித்தாள்.
அறுநூறு என்றால் ஒரு மாத கேஸ் பில்.

"விற்க முடியாதம்மா. ஆள் உள்ளே இருக்கிறார்."
"எந்த நாடகம்?"
"கொஞ்சம் நீளமான நாடகம்."

அவள் சிரிக்கவில்லை.
"போட்டு மட்டும் பார்க்கட்டுமா?"

கொடுத்தேன். ஏன் என்று தெரியவில்லை.
மூன்றாவது பொத்தான் கிடையாது,
பெல்ட் ஓரம் நைந்திருக்கிறது.
கண்ணாடி முன் நின்றாள், பக்கவாட்டில் திரும்பினாள்,
முன்கூடத்தில் ஒரு நடை நடந்தாள்.
கொக்கியில் நசுங்கிக் கிடந்த தோள்
அவள்மேல் ஏறியதும் நிமிர்ந்துகொண்டது.
அந்தக் காலத்தில் அது நாகரிகம்கூட இல்லை,
எல்லா அலுவலகத்திலும் ஒன்று தொங்கும்.

பையில் கைவிட்டாள்.
ஒரு டிராம் டிக்கெட்.
துளையிடாதது,
திரும்பிப் போக வாங்கி வைத்தது.
பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
எடுத்த பையிலேயே வைத்தாள்.

மணி அடித்தது. கழற்றித் தந்துவிட்டு
தன் பிளேசரோடு உள்ளே ஓடினாள்.

எங்கோ ஒரு ஊரில், ஏதோ ஒரு இழுப்பறையில்
என் பித்தளை வில்லை இருக்க வேண்டும்.
அல்லது ஆற்றில்.

கசிமியேரா இன்னும் அறுநூறைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.
நான் கோட்டைச் சுவரோரம் கொண்டுபோனேன்.
காலரை நீவி, பெல்ட்டைச் சுற்றி,
கொக்கியில் ஏற்றும்போது
உள்துணியில் கை பட்டது.

கதகதப்பாக இருந்தது.